மூக்கு எங்க கீது?

1

ஜோயலுக்குப் போன மாதம் இரண்டு வயது முடிந்தது. கேக்குக்குச் சொல்லி வைப்பதற்கு முன்பே தபாலில் ஃபாரம் வந்துவிட்டது. இந்த நாட்டில் பிள்ளையின் பிறந்தநாளைப் பெற்ற அப்பன் மறந்தாலும் அரசாங்கம் மறக்காது.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில், கார் தொழிற்சாலைகளை ஒட்டி வளர்ந்த ஓர் ஊர். என் வீட்டுக்காரர் சாமுவேல் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறார். அவருக்குச் சொந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பென்னலூர், எனக்கு வடக்குப்பட்டு. ஒரகடத்தைச் சுற்றி இத்தனை கம்பெனி இருக்கும்போது இவ்வளவு தூரம் வந்து அதே ஆயில் வாசனையில் விழுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நானும் மூன்று வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஃபாரத்தில் வரிசையாகக் கேள்விகள். குழந்தை படியில் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறதா? ஸ்பூனைத் தானே வாயில் வைக்கிறதா? உடம்பின் உறுப்புகளைக் கேட்டால் தொட்டுக் காட்டுகிறதா? இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறதா? ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: ஆம், சில சமயம், இன்னும் இல்லை.

படி ஏறுவான். ஸ்பூனை வாயிலும் வைப்பான், என் கண்ணிலும் வைப்பான். பேச்சுதான் இல்லை. பசித்தால் என் கையைப் பிடித்து ஃபிரிட்ஜிடம் இழுத்துப்போவான். வேண்டாம் என்றால் தலையைத் திருப்பிக்கொள்வான். அம்மா என்ற ஒரு சொல்லுக்காக இரண்டு வருஷம் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பார்க்கில் அடுத்தவள் பிள்ளை "மம்மி" என்று கத்தினால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

2

கல்யாணத்துக்கு முன்னால் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நான்கு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் லைனில் நின்றவள் நான். பெல்ட்டில் ரப்பர் பாகங்கள் வரும். எடுத்து, லைட்டில் திருப்பிப் பார்த்து, நல்லதென்றால் ஓகே, குறையென்றால் என்ஜி. 'நாட் குட்' என்பதன் சுருக்கம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எந்தக் கம்பெனி வாசலில் கேட்டாலும் இந்த இரண்டு சொல்லுக்கும் அர்த்தம் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாண வரனைக்கூட "மாப்ள என்ஜி" என்று தள்ளிவிட்டவர்கள் உண்டு. ஓகே ஆனது பச்சைப் பெட்டிக்கு, என்ஜி ஆனது சிவப்புப் பெட்டிக்கு.

எங்கள் சூப்பர்வைசர் தினமும் ஷிஃப்ட் ஆரம்பத்தில் மந்திரம் மாதிரி ஒன்றைச் சொல்வார்: "டவுட்டா கீதா? யோசிக்காத. என்ஜி போட்டுகினே இரு."

சந்தேகம் இருக்கும் பாகம் வண்டியில் ஏறிவிட்டால் ரோட்டில் யாரோ சாவார்கள் என்பது அவர் கணக்கு. சரியான கணக்குதான். ஆனால் அது நான்கு வருஷத்தில் என் கைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இங்கே குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் ஒரு சிவப்புப் புத்தகம் கொடுத்தார்கள். எடை, உயரம், ஊசி எல்லாம் அதில்தான் ஏறும். பிறந்து ஒரு நாள் ஆன பிள்ளையின் தொட்டில் மேல் சிவப்பாக ஒன்றை வைத்தார்கள். நர்ஸ் வாழ்த்துச் சொல்கிறாள், நான் என்ஜி பெட்டியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் லைனில் பிள்ளைகளின் வளர்ச்சி டிபன் பாக்ஸில்தான் வரும். குழந்தைக்குப் பல் முளைத்தால் அம்மாக்காரி பல்லுக் கொழுக்கட்டை கொண்டுவருவாள். பத்து நிமிஷ டீ பிரேக்கில் ஆளுக்கு இரண்டு. எந்த மாதம் முளைக்க வேண்டும், முந்தியா பிந்தியா என்று யாரும் கேட்டதில்லை. லைனுக்குள் போன் கொண்டுபோக முடியாது, லாக்கரில் பூட்டிவிட வேண்டும். பிரேக் மணி அடித்ததும் லாக்கர் ரூமுக்கு ஓடுவார்கள். மாமியார் அனுப்பிய வீடியோவைப் பார்த்து ஒருத்தி, "எம்புள்ள நட்ந்துட்டான்டி" என்று அந்த ரூமிலேயே உட்கார்ந்து அழுதாள். வீடு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. யோசித்துப் பார்த்தால் விமானம் ஏறாமலேயே எங்களில் பாதிப் பேர் வெளிநாட்டில்தான் இருந்தோம்.

அதெல்லாம் இருக்கட்டும். இந்த ஃபாரத்தைப் பார்த்ததும் என் கை பழைய லைனுக்குப் போய்விட்டது. 'சில சமயம்' என்ற கட்டம் எனக்குப் பிடிபடவே இல்லை. ஒரு பாகம் சில சமயம் நன்றாகவும் சில சமயம் குறையாகவும் எப்படி இருக்கும்? கட்டங்களை விட்டுவிட்டு, ஓரத்தில் கொட்டை இங்கிலீஷ் எழுத்தில் ஓகே, என்ஜி என்று எழுதிக்கொண்டே போனேன். டவுட் இருந்த இடமெல்லாம் என்ஜி. முடித்துவிட்டு எண்ணினேன். பதினொன்று. பெற்ற பிள்ளைக்குப் பதினொரு என்ஜி போட்டுக் கவரை ஒட்டிவிட்டு, சமையலறையில் நின்று அழுதேன்.

3

அவன் பேசாததற்கு யார் காரணம் என்று எங்கள் வீட்டில் தீர்ப்பு முன்பே ஆகியிருந்தது. தமிழ்தான் காரணம்.

என் தங்கை ஸ்டெல்லா வல்லம் வடகாலில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறாள். முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறினால் அங்கே மணி மூன்று, இங்கே காலை ஒன்பதரை. ஜோயல் ஆறு மாதக் குழந்தையாக இருந்ததிலிருந்து, ஷிஃப்ட் ஒத்துவந்த நாளெல்லாம் அந்த நேரத்துக்கு வீடியோவில் வந்துவிடுவாள். எனக்கு ஒரு வணக்கம் கிடையாது. "இன்னாடா நைனா" என்று நேரே அவனிடம்தான். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, "சித்தி இல்ல... சித்தி இல்ல..." என்று ராகம் போடுவாள். படக்கென்று விலக்கி, "தோ கீது!" என்பாள். அவன் தொட்டில் ஆடச் சிரிப்பான். அப்புறம், "மூக்கு எங்க கீது? காது எங்க கீது?" என்று ஆரம்பிப்பாள். அவன் என் போனைக் குத்துவான். எச்சில் பட்டு ஸ்கிரீன் வீணாகிறதே என்று நான் துடைத்துக்கொண்டிருப்பேன். பஸ் ஏரிக்கரை வளைவுக்கு வந்ததும் டவர் போய்விடும், அவள் முகம் அப்படியே உறைந்து நிற்கும். அன்றைய ஆட்டம் அவ்வளவுதான்.

ஜோயலுக்கு ஒன்றரை வயது தாண்டியும் பேச்சு வராததில் சாமுவேல் பயந்துபோனார்.

"ரெண்டு பாஷைய கலந்து போட்டா கொயந்த கொயம்பிடும்னு எங்க கம்பெனில ஒருத்தரு சொன்னாருமா. கொஞ்ச நாளிக்கு வூட்ல இங்கிலீஷ்லயே பேசிப் பாப்போம்."

"எனக்கு எங்கங்க அவ்ளோ இங்கிலீஷ் கீது?"

"தெரிஞ்சத பேசு. ஸ்டெல்லாவாண்டயும் சொல்லிடு. அவ பேச்சு வேற ஒரே கீது வாதுன்னு."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கே மாதம் ஒருமுறை தமிழ்க் குடும்பங்கள் கூடிச் சாப்பிடுவோம். முதல் தடவை போனபோது, "தயிர் சாதம் இன்னும் கீது, வெக்கட்டுங்களா?" என்று கேட்டேன். ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி, "ஐயோ, கீதுவாம்! சினிமா மாதிரி இருக்குல்ல?" என்று சிரித்தார். கெட்ட மனசோடு சிரிக்கவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து நான் 'இருக்கு'க்கு மாறினேன். 'வூடு' வீடானது, 'இன்னா' 'என்ன' ஆனது. ஸ்டெல்லாவிடம் போனில் பேசும்போது மட்டும் பழைய வாய் திறந்துகொள்ளும். அந்தக் கால் மணி நேரம்தான் நான் நானாக இருந்தேன். அதையும் நிறுத்தினேன்.

அவளிடம் சொன்னபோது, "சரிக்கா. புள்ளைக்கு நல்லதுன்னா சரி" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும், கோயில் முடிந்து, எனக்கு மட்டும் ஒரு குரல் அழைப்பு. அதில் அவள் ஜோயலைப் பற்றிக் கேட்கவே மாட்டாள். அதுதான் அவள் கோபம்.

வீட்டில் சத்தம் குறைந்தது. என் இங்கிலீஷ் மிஷின்களில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களில் படித்தது. ஸ்டாப். டோன்ட் டச். கீப் கிளியர். வாஷ் ஹேண்ட்ஸ். அதைக் கொண்டு ஒரு குழந்தையைக் காயம் படாமல் வளர்க்கலாம், கொஞ்ச முடியாது. நான் பேச்சைக் குறைத்துக்கொண்டே போனேன். அவனும் வாயை மூடிக்கொண்டான். ஒன்பதரை மணி ஆனால் மட்டும் என் போன் இருக்கும் மேசைக்குப் போய் நிற்பான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

4

ஃபாரத்தை அனுப்பிய இரண்டாவது வாரம் ஹெலன் வந்தார். வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பார்க்கும் நர்ஸ். நாங்கள் கேட்காமலேயே ஒரு மொழிபெயர்ப்பாளரையும் அனுப்பியிருந்தார்கள். கௌரி அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், அழகான புடவைக்கு மேல் குளிர் கோட்டு. சாமுவேல் வேலைக்குப் போயிருந்தார்.

ஹெலன் ஃபாரத்தை விரித்து வைத்தார். அந்தப் பதினொரு இடங்களிலும் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தார்.

"இது என்ன எழுத்து எண்டு கேக்கிறா. ஏதும் நோயின்ர பெயரோ எண்டு ஆபீசில எல்லாரும் தேடிப் பாத்தவையாம்" என்றார் கௌரி அக்கா.

எனக்குக் காது சூடாகிவிட்டது. லைன், பெல்ட், சிவப்புப் பெட்டி, டவுட் என்று உளறினேன். கௌரி அக்கா பொறுமையாக மொழிபெயர்த்தார். ஹெலன் சிரிக்கவில்லை. ஒவ்வொரு என்ஜியின் மேலும் மெல்லக் கோடு போட்டு அடித்தார், பதினொன்றையும். எதிரே எந்தக் கட்டத்திலும் டிக் போடவில்லை.

"முதலில் பிள்ளையைப் பாப்பம் எண்டு சொல்லுறா" என்றார் கௌரி அக்கா.

ஹெலன் ஜோயல் முன்னால் தரையில் உட்கார்ந்து, மூக்கு எங்கே என்று இங்கிலீஷில் கேட்டார். அவன் அவர் கம்மலைப் பார்த்தான். கௌரி அக்கா குனிந்தார்.

"தம்பி, மூக்கு எங்க இருக்கு? காட்டுங்கோ பாப்பம்."

அவன் என் முட்டியைக் கட்டிக்கொண்டான். "அம்மா கேளுங்கோவன்" என்றார் அவர்.

"மூக்கு எங்கே இருக்கு, ஜோயல்?" என்று கேட்டேன். சாப்பாட்டுக் கூட்டத்துக்கு என்று பழகி வைத்திருந்த தமிழ். அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான், அவ்வளவுதான். ஹெலனின் பேனா 'இன்னும் இல்லை' கட்டத்துக்குப் போனது. பயம் வந்தால் மனுஷிக்குச் சொந்த வாய்தானே வரும்?

"டேய் நைனா! மூக்கு எங்க கீது?"

அவன் முகம் திறந்துகொண்டது. வேறு எப்படிச் சொல்ல என்று தெரியவில்லை. என் முட்டியை விட்டான். ஹெலனைச் சுற்றிக்கொண்டு ஓடினான். மேசை மேல் கவிழ்ந்திருந்த என் போனை இழுத்து, திருப்பி, அணைந்து கறுப்பாக இருந்த ஸ்கிரீனின் நடுவில் விரலை வைத்தான்.

"ஈது" என்றான்.

ஸ்டெல்லாவின் மூக்கு எப்போதும் அந்த இடத்தில்தான் இருக்கும்.

ஹெலனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். "உன் மூக்கு எங்க கீதுடா?" என்றேன். தன் மூக்கைத் தொட்டான். "ஈது." கண்ணு? "ஈது." காது, வாயி, தல, வயிறு, காலு. வயிற்றைக் காட்டச் சட்டையைத் தூக்கித் தொப்புளையும் சேர்த்துக் காட்டினான். கேட்கக் கேட்க அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஹெலனின் மூக்கையும் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தான்.

"அதென்ன சொல்லுறான், ஈது எண்டு?" கௌரி அக்கா கேட்டார்.

"கீதுன்னு சொல்றான்க்கா. இருக்குன்னு அர்த்தம். எங்க ஊர்ப் பேச்சு." சொல்லிவிட்டு, சிரிப்பாரா என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லைத் தன் வாயில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, ஹெலனிடம் இங்கிலீஷில் சொன்னார். ஹெலன் 'ஆம்' கட்டத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டார். இந்த நான்கு மாதமும் இங்கிலீஷில் மட்டும்தான் பேசினோம் என்று நான் ஒப்புக்கொண்டபோது அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. எந்த மொழியில் கோபமும் கொஞ்சலும் தானாக வருகிறதோ அதில் பேசச் சொன்னார்.

மிச்சமிருந்தவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டு டிக் போட்டார். கடைசியில் ஒரு கட்டம் மட்டும் காலியாக நின்றது. இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறானா? ஹெலன் அந்தத் தாளைப் பிரித்து என்னிடம் கொடுத்தார். அவசரமில்லை, என்றைக்குச் சேர்த்துப் பேசுகிறானோ அன்றைக்கு நிரப்பி அனுப்பினால் போதும் என்றார். கீழே 'உதாரணம் எழுதவும்' என்று இரண்டு கோடுகள் விட்டிருந்தார்கள்.

5

சாயங்காலம் சாமுவேலிடம் சொன்னேன். ஷூவைக்கூடக் கழற்றாமல் அவனைத் தூக்கி, "காது எங்க கீதுடா?" என்று கேட்டார். "ஈது" என்றான். "அப்பா காது?" என்றார். பிடித்துத் திருகினான். மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஸ்டெல்லாக்கு போன் போடு" என்றார். வேண்டாம், அவளுடைய நேரத்துக்கே போடுகிறேன் என்றேன்.

மறுநாள் ஒன்பதரைக்கு வீடியோ கால் போட்டேன். ஜோயலை மடியில் வைத்திருந்தேன். நான்கைந்து ரிங் போன பிறகுதான் எடுத்தாள். பஸ் ஜன்னல், பின்னால் கம்பெனிகளின் நீல ஷீட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. கழுத்தில் ஐடி கார்டு. மெலிந்திருந்தாள். அவளைப் பார்த்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

"இன்னாக்கா அதிசயமா கீது? தமிழ்ல பேசலாமா, இல்ல அங்க யார்னா கோச்சிப்பாங்களா?"

"திட்டுடி. நல்லா திட்டு. இத மொதல்ல கேளு."

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கறுப்பு ஸ்கிரீனில் விரலை வைத்த இடத்துக்கு வந்ததும் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அவனுக்கு என்னிய மறந்துட்ச்சின்னு நென்ச்சிகினு இருந்தேன்க்கா" என்றாள். "தெனமும் பஸ்ல ஏறி குந்தனா கை தானா போனுக்கு போவும். அப்பால பைக்குள்ள வெச்சிடுவேன்."

ஏழு கடலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, அவளிடம் மிச்சமிருந்த அந்தக் கால் மணி நேரத்தையும் பிடுங்கியவள் நான்தானே.

ஜோயல் மடியிலிருந்து எட்டி ஸ்கிரீனைத் தட்டினான். அவ்வளவுதான், அக்காவும் தங்கையும் பேசியது முடிந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, துப்பட்டாவை எடுத்து முகத்தை மூடினாள். பக்கத்து சீட்டுக்காரி யாரோ சிரிப்பது கேட்டது.

"சித்தி இல்ல... சித்தி இல்ல..."

"தோ கீது!"

அவன் சிரித்த சிரிப்பில் என் புடவை முழுக்க எச்சில். மறுபடி மூடினாள், மறுபடி திறந்தாள். நான் துடைக்கவில்லை. எத்தனை முறை என்று எண்ணவும் இல்லை.

"அக்கா, வளைவு வருதுக்கா. டவரு பூடும். நைனா, இன்னொரு வாட்டி..." துப்பட்டாவை மூடினாள். "சித்தி இல்ல..."

படம் உறைந்தது. மஞ்சள் துப்பட்டா மட்டும் ஸ்கிரீன் முழுக்க நின்றது. பிறகு அதுவும் போய்க் கறுப்பானது.

ஜோயல் காத்திருந்தான். துப்பட்டா விலகும் என்று தெரிந்தவன் மாதிரி, சிரிக்கத் தயாராக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். பிறகு போனை இரண்டு கையாலும் தூக்கி அதன் பின்பக்கம் பார்த்தான். அங்கே என் விரல்கள்தான் இருந்தன. திருப்பி முன்பக்கம் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"சித்தி இல்ல" என்றான்.

தெளிவாக, ராகத்தோடு, அவள் சொல்கிற மாதிரியே. சொல்லிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். 'தோ கீது' என்ற அடுத்த பாதியை யாராவது சொல்ல வேண்டும். நான்தான் சொல்ல வேண்டும். எதைக் காட்டிச் சொல்வது?

தாள் மேசை மேலேயே இருந்தது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு உதாரணக் கோட்டில் 'சித்தி இல்ல' என்று தமிழிலேயே எழுதினேன். கௌரி அக்கா படித்துச் சொல்லட்டும். மேலே கட்டத்தில் டிக் போட வேண்டும். கை பழைய கை, ஓகே என்று இங்கிலீஷில் எழுதப் போனது. ஓ வட்டத்தைப் போட்டேன். 'சித்தி இல்ல' என்பதற்கு மேலே அடுத்த எழுத்து வரவில்லை.

அப்படியே மடித்துக் கவரில் போட்டுவிட்டேன். அந்த வட்டம் என்ன என்று ஹெலன் கேட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாம். ஜோயல் இன்னும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.